இரண்டு வீதியாலும் போன பாண் ஓட்டோ

2022 ஆம் ஆண்டு ஆடி மாதம் தொடக்கம் வட்டக்கச்சியில் பேக்கரிப் பாணும் பணிசும் விற்கும் நிரோஜனின் பாண் ஓட்டோ ஒவ்வொரு காலையும் வாய்க்கால் வீதியாலும் பாடசாலை வீதியாலும் ஒரே நேரத்தில் போனது. ஓட்டோ ஒன்றுதான், ஓட்டியவனும் ஒருவன்தான். அந்த இரண்டு வீதிகளும் புளியடிச் சந்தியில் பிரிந்து, வீடுகளையும் தோட்டங்களையும் நடுவில் வைத்துக்கொண்டு முந்நூறு மீற்றர் இடைவெளியில் சமாந்தரமாக ஓடி, கல்மதகடியில் மறுபடி சேருகின்றன. ஆறு பத்துக்குச் சந்தியைத் தாண்டும் ஓட்டோ ஆறு இருபத்தொன்றுக்கு மதகடிக்கு வந்துவிடும். அந்தப் பதினொரு நிமிடத்துக்குள் இரண்டு வீதியிலும் வீட்டு வாசற் படலைகளில் பாண் கிடைத்துவிடும். அது நாட்டில் எரிபொருள் இல்லாத காலம். ஓட்டோவுக்குக் கிழமைக்கு ஐந்து லீற்றர் என்று அளந்து கொடுத்தார்கள். ஒரு வீதிக்குத்தான் அது காணும். எந்த வீதிச் சனத்தைப் பாண் இல்லாமல் விடுவது என்று நிரோஜன் முதல் நாள் சந்தியில் ஓட்டோவை நிறுத்தி யோசித்துப் பார்த்தான். முடிவெடுக்க மனம் வரவில்லை. முடிவெடுக்காமலே கிளச்சை விட்டான். ஓட்டோ இரண்டு பக்கமும் போனது.

இது நடந்ததை ஒருவரும் காணவில்லை என்பதற்குக் காரணம் கொரோனா. ஊரடங்கு நாட்களில் சனம் பாண்காரனுக்குக் கிட்டப் போகப் பயந்து, படலையில் ஒரு துணிப்பையைத் தொங்கவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்ளப் பழகியிருந்தது. நோய் போன பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. பாண் வருவதை அறிவிக்க ஓட்டோ ஒலிபரப்பும் மெட்டுக் காலையில் கேட்கும், பையில் பாண் விழும், கொஞ்ச நேரம் கழித்து யாராவது வந்து எடுப்பார்கள். இரண்டு வீதிப் பைகளிலும் பாண் இருந்தபடியால், பையைப் பார்த்து எந்தப் பக்கத்தால் வந்தான் என்று சொல்ல வழியில்லை. ஆகவே கதை வெளியே வர மூன்று கிழமை பிடித்தது. அதுவும் சங்கக்கடை வாசலில், வாய்க்கால் வீதி அழகம்மா பாடசாலை வீதி விமலேஸ்வரியிடம் பெருமை பேசப் போய் வந்தது.

"பெற்றோல் இல்லாத நாளிலயும் எங்கட பக்கத்தை அந்தப் பொடியன் மறக்கேல்லைப் பாருங்கோ. ஆறு பதினைஞ்சுக்கெல்லாம் பாண் வந்திடும்" என்றார் அழகம்மா.

"என்ன கதை கதைக்கிறியள் அக்கா? ஆறு பதினைஞ்சுக்கு என்ர படலையிலயெல்லோ நிக்கிறான். அப்ப உங்கட பக்கம் வாறது பேயோ?"

"பேய் பணிஸ் கொண்டு வாறேல்லைப் பிள்ளை."

நிரோஜனைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். அவனுக்கும் சொல்ல அதிகம் இருக்கவில்லை. மதகடிக்கு வரும்போது பெட்டி வெறுமையாக இருக்கும் என்றும், ஒரு கன்னத்தில் வாய்க்கால் காற்றும் மற்றக் கன்னத்தில் பள்ளிக்கூட மதில் வெக்கையும் பட்ட ஞாபகம் இருக்கும் என்றும் சொன்னான். மீற்றர் ஒரு வீதித் தூரத்தைத்தான் காட்டியது. சனசமூக நிலையத் தலைவர் தங்கராசா இரண்டு கிழமை யோசித்துவிட்டு, பாண் வருகிறது, விலையும் கூடவில்லை, இதில் முறைப்பாடு செய்ய ஒன்றும் இல்லை என்று தீர்ப்புச் சொன்னார். அத்தோடு ஊர் தன் வேலையைப் பார்த்தது.

ஆனால் இரண்டு வீதிக்கும் நடுவில் குடியிருந்தவர்களுக்கு வேறொரு விசயம் இருந்தது. ஒரே மெட்டு ஒரே கணத்தில் இரண்டு பக்கமிருந்தும் வந்ததால், சில இடங்களில் அது இரண்டு மடங்காகக் கேட்டது; சில இடங்களில் அறவே கேட்கவில்லை. கேட்கும் இடமும் கேளாத இடமும் சீலைக் கரைபோலக் கோடு கோடாக வளவுகளுக்கு ஊடாக நீண்டு கிடந்தன. தங்கராசாவின் வீடு அந்தக் கோடுகளுக்குக் குறுக்கே நின்றது. "படுக்கிற அறையில கலியாண வீடு, குசினியில செத்த வீடு" என்று அவர் சொல்லித் திரிந்தார். சனம் சிரித்தது. சிரிக்காமல் கேட்டது ஜெகதீஸ்வரி ஒருத்திதான்.

ஜெகதீஸ்வரியின் கணவர் பிரதாபன் ஒரு மேசன். 2009 மாசியில் பதுங்குகுழிக்குப் பக்கத்தில் எறிகணை ஒன்று விழுந்த நாளிலிருந்து அவருடைய காதுக்குள் ஒரு கேத்தில் கொதித்துக்கொண்டிருந்தது. அந்த நீண்ட, மெல்லிய விசில் பகலிலும் நிற்காது, இரவிலும் நிற்காது. கிளிநொச்சியிலும் யாழ்ப்பாணத்திலும் வைத்தியர்கள் பார்த்தார்கள். காதில் ஓட்டை இல்லை, நரம்பில்தான் பழுது, பழகிக்கொள்ள வேண்டும் என்றார்கள். பதின்மூன்று வருடமாக அவர் பழகிக்கொண்டுதான் இருந்தார். வானொலியை அலறவிட்டுத் தூங்குவார். யாராவது மெல்லப் பேசினால் வாயைப் பார்த்து விளங்கிக்கொள்வார். 2022 ஆவணியில் ஒரு காலை கிணற்றடியில் பல் விளக்கிக்கொண்டிருந்தவர், பிரஷ் வாயில் இருக்க அப்படியே நின்றுவிட்டார். ஜெகதீஸ்வரி கையில் இருந்ததைப் போட்டுவிட்டு ஓடினாள். பாரிசவாதம் என்றுதான் நினைத்தாள்.

"இஞ்சாருங்கோ, என்ன செய்யுது? இஞ்சாருங்கோ!"

"நிண்டிட்டுது" என்றார் பிரதாபன். கண்ணால் தண்ணீர் ஓடியது. ஓட்டோ மதகடிக்குப் போனதும் கேத்தில் மறுபடி கொதித்தது.

மெட்டுக் கேளாத இடத்தில் காது விசிலும் ஏன் கேளாமல் போக வேண்டும் என்பதற்கு ஜெகதீஸ்வரி விளக்கம் தேடவில்லை. அளக்கக்கூடியதை அளப்பது அவள் வழி. அவள் பதினொரு வருடம் கண்ணிவெடி அகற்றும் நிறுவனம் ஒன்றில் வேலை செய்தவள். முகமாலையில் வெயிலில் முழங்காலில் இருந்து, ஒரு மீற்றர் அகலப் பாதையை விரற்கடை விரற்கடையாகத் தட்டித் துழாவி, பார்த்து முடிந்த நிலத்துக்கு வெள்ளைத் தடியும் பாராத நிலத்துக்குச் சிவப்புத் தடியும் நட்டுக்கொண்டு முன்னேறியவள். சில நாட்களில் ஒரு பாய் அகலம்தான் நகர முடியும். அவளோடு வேலை செய்தவர்கள் இன்றைக்கும் சொல்வார்கள்: ஜெகதீஸ்வரி வெள்ளைத் தடி நட்ட இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு பிள்ளையைத் தவழவிடலாம். முழங்கால் தேய்ந்து 2021இல் வேலையை விட்டபோது, பழைய தடிகளில் ஒரு கட்டை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தாள். பயற்றங்கொடிக்கு உதவும் என்று நினைத்தாள்.

இப்போது அவற்றை எடுத்தாள். கிணற்றடியில் தொடங்கி வளவுக்குக் குறுக்கே கயிறு கட்டி, ஒரு கதிரையை வைத்துப் பிரதாபனை இருத்தினாள். விசில் குறைந்தால் விரலை மடக்கிப் பிடிக்க வேண்டும், முற்றாக நின்றால் நிமிர்த்திப் பிடிக்க வேண்டும் என்று சொன்னாள். ஒரு நாளைக்குக் கிடைப்பது பதினொரு நிமிடம். ஒரு நாளைக்குக் கதிரையை ஓர் அங்குலம் நகர்த்தினாள். இரண்டாகவும் நகர்த்தலாமே என்று பிரதாபன் கேட்டார். நகர்த்தலாம், ஆனால் நடுவில் இருக்கும் ஓர் அங்குலத்தில் என்ன இருக்கிறது என்று பிறகு யார் சொல்வது என்று அவள் திருப்பிக் கேட்டாள். கேட்ட இடத்துக்குச் சிவப்பு, கேளாத இடத்துக்கு வெள்ளை. ஒவ்வொன்றையும் கொப்பியில் திகதியோடும் காற்றின் திசையோடும் எழுதினாள்.

நான்காம் கிழமை கிராம சேவையாளர் மோட்டார் சைக்கிளில் வந்து படலைக்கு வெளியே இருபது அடி தள்ளி நின்று கத்தினார்.

"அக்கா, அசையாதேங்கோ! அப்பிடியே நில்லுங்கோ! காலைத் தூக்க வேண்டாம்!"

"தம்பி, நான் நிக்கிறது மிளகாய்ப் பாத்தி."

"சிவப்புத் தடி நிக்குதெண்டு மூண்டு பேர் போன் எடுத்தவை. பக்கத்து வீட்டுச் சனம் ஆட்டையும் அவிழ்த்துக்கொண்டு பள்ளிக்கூடத்தில போய் இருக்குது!"

இந்த மண்ணில் வளவுக்குள் சிவப்புத் தலைத் தடியை வரிசையாகக் கண்டால் யாரும் வேறு விதமாக நினைக்கமாட்டார்கள் என்பதை ஜெகதீஸ்வரி எண்ணிப் பார்க்கவில்லை. அவளுக்கு அது வெறும் குறி. அன்று பின்னேரமே சிவப்புத் தடிகளுக்கெல்லாம் நீலம் பூசினாள். பிறகு அயலவரும் தங்கள் தங்கள் வளவுகளில் கயிறு கட்டி, அவள் சொன்னபடி ஆளுக்கோர் இடத்தில் நின்று மெட்டைக் கேட்டு அளந்து கொடுத்தார்கள். ஏழு மாதம் முடிய அவளுடைய கொப்பியில் முழுப் படமும் இருந்தது. இரண்டு வீதிக்கும் நடுவில் கேளாக் கோடுகள் சோடி சோடியாக, அடுத்தடுத்து ஒரே இடைவெளியில் ஓடின. சரி நடுவில் மட்டும் மெட்டு உரத்துக் கேட்டது. அவளுடைய வளவுக்குள் வந்தது நான்காவது கோடு. கிணற்றுக்கட்டில் இருந்து ஆட்டுக்கொட்டில்வரை அது போனது. அகலம் ஒரு சாண். அந்தச் சாணுக்குள்ளும் விசில் முற்றாக நிற்கும் இடம் இரண்டு விரற்கடைதான். அந்த இடத்தில் பிரதாபன் நான்கு கல்லைச் சீமெந்து வைத்துப் பதித்தார். கதிரைக் கால்கள் அதில் இறங்கும். எதிரே முருங்கையில் ஓர் ஆணி. மூக்கு ஆணிக்கு நேரே இருந்தால் சரி.

பிறகு இரண்டு வருடம் அந்தக் கதிரையில் பிரதாபன் ஒவ்வொரு காலையும் பதினொரு நிமிடம் இருந்தார். முதற் கிழமை காகத்தைக் கேட்டார். பிறகு வாளி கிணற்றுத் தண்ணீரில் தொடுவது, ஆடு அசைபோடுவது, பலா இலை விழுவது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு வந்து சொன்னார். வானொலி இல்லாமல் தூங்கத் தொடங்கினார். நாளைக்கு அது நிற்கும் என்று தெரிந்தால் இன்றைக்கு அதைத் தாங்கலாம் என்றார். அவருக்குக் கிடைத்த அமைதியில் தன் பங்குக்குச் சத்தம் போடக்கூடாது என்று ஜெகதீஸ்வரி நினைத்தாள். அந்தப் பதினொரு நிமிடமும் அவள் குசினியில் அசையாமல் நிற்பாள். கையில் இருக்கும் அகப்பையைக்கூடக் கீழே வைக்கமாட்டாள்.

சாரங்கா 2023இல்தான் பாடசாலைக்குப் பௌதிகவியல் படிப்பிக்க வந்தவள். நீலத் தடிகளைப் பற்றிக் கேள்விப்பட்டு ஒரு சனிக்கிழமை கொப்பியைப் பார்க்க வந்தாள். பக்கம் பக்கமாகப் புரட்டினாள், தேத்தண்ணீர் ஆறிப்போனது. இதற்குத் தலையீடு என்று பெயர் என்றாள். இரண்டு அலைகள் சந்திக்கும்போது ஓரிடத்தில் கூடும், ஓரிடத்தில் ஒன்றையொன்று அழிக்கும். பெரிய ஆய்வுகூடங்களில், அணுவுக்குள் இருக்கும் இலத்திரன்களை ஒவ்வொன்றாக இரண்டு கீறல்களுக்கு முன்னால் விட்டால், அந்த ஒவ்வொன்றும் இரண்டாலும் போனதுபோல அப்பால் கோடுகள் விழும். எந்தக் கீறலால் போனது என்று பார்க்கக் கருவி வைத்தால், அது ஏதோ ஒன்றால்தான் போகும். கோடுகளும் இல்லாமல் போகும். அங்கே தலைமயிர் அகலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கைக்கூட அளப்பார்கள் என்றாள்.

"அப்ப உங்களுக்கு இது புதினமில்லையோ பிள்ளை?"

"இலத்திரன் செய்யும் எண்டு தெரியும் அக்கா. பாண் ஓட்டோ செய்யும் எண்டு பாடத்திட்டத்தில இல்லை." பிறகு கொப்பியை இரண்டு கையாலும் மூடி வைத்துவிட்டுச் சொன்னாள்: "ஆனா நான் படிச்ச இடத்திலயும் இப்பிடி ஒரு அளவைப் புத்தகம் காணேல்லை."

பிழை 2025 பங்குனியில் நடந்தது. ஊருக்கு நன்றாகச் செய்தவனைக் கௌரவிக்காமல் விடுவது இந்தப் பக்கத்தில் பெரிய மரியாதைக் குறைவு. நெல்லு நன்றாக விளைந்தாலும் பொன்னாடை, பிள்ளை பல்கலைக்கழகம் போனாலும் பொன்னாடை. கிட்டத்தட்ட மூன்று வருடமாக இரண்டு வீதிக்கும் பாண் கொடுத்தவனுக்கு ஒன்றும் செய்யவில்லை என்று தங்கராசாவுக்கு உறுத்தியது. புளியடிச் சந்தியில் பந்தல், காலை ஆறு மணிக்கு விழா, ஓட்டோ இரண்டாகப் பிரிந்து போகும்போது சனம் கைதட்ட வேண்டும் என்று ஒழுங்கு செய்தார். சாரங்கா போய்த் தடுத்தாள். பார்த்தால் நடக்காது ஐயா என்றாள்.

"பாராட்டுறதெண்டா பாக்காமல் எப்பிடிப் பிள்ளை பாராட்டுறது? கண்ணை மூடிக்கொண்டு பொன்னாடை போடேலுமோ?"

விழா நடந்தது. நாகஸ்வரம் வந்தது. இருநூறு பேர் நின்றார்கள். எண்பது பேராவது தொலைபேசியைத் தூக்கிப் பிடித்தார்கள். நிரோஜன் பொன்னாடையோடு ஓட்டோவில் ஏறி, எல்லோருக்கும் கும்பிடு போட்டுவிட்டு, பாடசாலை வீதியால் போனான். பாடசாலை வீதியால் மட்டும். வாய்க்கால் வீதியில் பைகள் காற்றுக்கு ஆடிக்கொண்டிருந்தன. நான்காவது கோட்டில், ஆணிக்கு நேரே மூக்கை வைத்துக்கொண்டு, பிரதாபன் விரலை மடியிலேயே வைத்திருந்தார். மெட்டு ஒரு பக்கத்தால் மட்டும் வந்தது. கேத்தில் கொதித்தது.

அடுத்த பத்து நாளும் சனத்துக்கு ஆசை அடங்கவில்லை. வேலிக்கு மேலாலும் மதிலுக்குப் பின்னாலும் நின்று எட்டிப் பார்த்தது. பெற்றோல் இப்போது கிடைத்தாலும் இரண்டு வீதிக்கும் ஓட விலை கட்டாதபடியால், நிரோஜன் ஒருநாள் ஒரு வீதி, மறுநாள் மற்ற வீதி என்று போனான். அழகம்மா பாணுக்கு விமலேஸ்வரி வீட்டுக்கு வர வேண்டியிருந்தது. அது அவருக்குப் பாண் இல்லாததைவிடப் பெரிய துன்பம். கடைசியில் தங்கராசாவே ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டார்: ஆறு பத்துக்கும் ஆறு இருபத்தொன்றுக்கும் இடையில் யாரும் வீதியைப் பார்க்கக்கூடாது, பார்த்தவர் பாணைப் பற்றிப் பேசக்கூடாது. ஊர் கேட்டது. கதவுகள் சாத்தப்பட்டன, பழையபடி பைகள் தொங்கின. ஓட்டோ மட்டும் பழையபடி போகவில்லை.

மூன்று கிழமை ஜெகதீஸ்வரி கதிரையைப் பார்த்தாள். விரல் மடியை விட்டு எழும்பவில்லை. வானொலி மறுபடி இரவு முழுக்க அலறியது. முந்தி அந்த விசிலோடு பழகியிருந்தவர், இப்போது அது இல்லாத பதினொரு நிமிடத்தை அறிந்தபிறகு, பழகமுடியாதவராகப் போனார். சுவருக்குச் சாந்து பூசப் போன இடத்தில் சாந்தகப்பையை எறிந்துவிட்டு வந்தார். "விடும் ஜெகா. இரண்டு வருஷம் கிடைச்சது. அது காணும்" என்றார். அவர் காணும் என்று சொன்ன விதத்தை அவளால் தாங்க முடியவில்லை.

வெடி இருக்கும் நிலத்தில் ஏதோ பிசகு என்று தோன்றினால் ஒரு விதி உண்டு. முன்னால் போகக்கூடாது. கடைசியாக நட்ட வெள்ளைத் தடிக்குத் திரும்பிப் போய், அங்கிருந்து தொடங்க வேண்டும். ஜெகதீஸ்வரி கொப்பியைத் திறந்து, விழாவுக்கு முதல்நாள் இருந்த ஊருக்கும் இன்றைய ஊருக்கும் இடையில் மாறியதையெல்லாம் எழுதினாள். பந்தல் பிரித்தாயிற்று. தொலைபேசிப் படங்கள் பழசு. புதிதாக இருந்தது ஒன்றே ஒன்று. விழாவுக்கு வந்த பிரதம விருந்தினர் மேடையில் வாக்குக் கொடுத்தபடி, பாடசாலை வீதிக்குச் செங்கிறவல் மண் கொட்டிப் பரவியிருந்தார்கள். வாய்க்கால் வீதி பழையபடி சாம்பல் நிற வண்டல். அவள் மதகடிக்குப் போய்க் குந்தியிருந்து நிலத்தைப் பார்த்தாள். முதல்நாள் ஓட்டோ விட்டுப்போன சில்லுத் தடம் சிவப்பாகக் கிடந்தது. அதற்கு முந்தின நாள் தடம் சாம்பல். ஊர் முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டிருந்தது, சில்லு மூடவில்லை.

சாரங்கா கேட்டதும் எழும்பி நின்றுவிட்டாள். "ஆள் பாக்கத் தேவையில்லை அக்கா. பாத்தால் தெரியும் எண்டு எங்கயாவது ஒரு அடையாளம் கிடந்தாலே காணும்."

"அப்ப அடையாளத்தை அழிச்சால்?"

"அழிச்சும் பாத்திருக்கினம். கோடு திரும்பி வருமாம். ஆனா அதை எப்பிடி விளங்கிறதெண்டு அங்கயும் இன்னும் சண்டைதான்."

மறுநாள் ஜெகதீஸ்வரி நீர் இறைக்கும் இயந்திரத்தை மதகடிக்கு உருட்டிக்கொண்டு போனாள். குழாயை வாய்க்காலில் போட்டாள். ஓட்டோவின் மெட்டுக் கிட்ட வந்ததும் கண்ணை மூடிக்கொண்டு சில்லுகளைக் கழுவினாள். கழுவிய தண்ணீர் ஓடும் வாய்க்காலில் விழுந்து போனது. வீட்டில் சாரங்கா மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிரதாபன் விரலை மடக்கிப் பிடித்தார். பாதிதான், ஆனால் வந்தது. அன்று இரண்டு வீதியிலும் பாண் இருந்தது. அழகம்மாவின் பாண் மட்டும் கொஞ்சம் காற்றுப்போல, அமத்தினால் இல்லாததுபோல இருந்தது. சாரங்காவின் தாளில் விரல் மடங்கிய நேரம் ஆறு பன்னிரண்டு. சில்லுக் கழுவிய நேரம் ஆறு இருபத்தொன்று. தங்கராசா தாளை வாங்கி இரண்டு முறை பார்த்தார்.

"பிள்ளை, கழுவினது பிறகு. நிண்டது முன்னம். இது எப்பிடி?"

ஜெகதீஸ்வரி இரண்டு நேரத்தையும் கொப்பியில் பக்கத்துப் பக்கத்தில் எழுதினாள். அபிப்பிராயம் எழுதவில்லை.

மிச்சப் பாதியையும் அவள் விரற்கடை விரற்கடையாகத்தான் தேடினாள். ஐந்தாம் நாள் சில்லுக்கு மேலே இருந்த தகட்டின் உட்புறத்தில் செம்மண் ஒட்டியிருக்கும் என்று நினைத்து அதையும் கழுவினாள். விரல் இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தது. ஒன்பதாம் நாள் நிரோஜனின் செருப்பு. "அக்கா, இனி என்னையும் துவைச்சுக் கொடியில போடப்போறியள் போல" என்றான் அவன், ஒரு காலில் நின்றுகொண்டு. விரல் நிமிர்ந்தது, ஆனால் நுனிக் கணு மட்டும் மடங்கியே நின்றது. பெட்டிக் கதவு, கைபிடி, கூரைத் துணி என்று பன்னிரண்டு நாள் தேடினாள். கழுவ ஒன்றும் மிஞ்சவில்லை. காதுக்குள் ஊசி அளவு விசில் மிஞ்சியிருந்தது.

பிரதாபன்தான் கேட்டார். சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு அவள் வாயைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"கழுவேக்க நீர் கண்ணை மூடுறனீர்தானே?"

"ஓம். இறுக்கி மூடிக்கொண்டுதான்."

"கழுவி முடிய?"

 கழுவி முடிந்ததும், கடைசித் தண்ணீர் வாய்க்காலில் விழும் அந்தக் கணத்தில், இமையைக் கொஞ்சம் நீக்கித் தண்ணீர் சிவப்பா சாம்பலா என்று பார்ப்பாள். முற்றாகப் போய்விட்டதா என்று தெரிய வேண்டாமா? பதினொரு வருடம் அவள் துழாவிய நிலத்தைத் திரும்பிப் பாராமல் வெள்ளைத் தடி நட்டதே இல்லை. அதனால்தான் ஒருவருக்கும் கால் போகவில்லை.

"பாக்காமல் விடுறதெண்டு எனக்குத் தெரியாதுங்கோ" என்றாள்.

"தெரியும். அதாலதான் கேட்டனான்."

 கொப்பியை எடுத்து, எழுதாமல் வைத்தாள். தன் கை செய்த வேலை சரியா என்று தானே அறியாமல் விடுவதைவிட, முகமாலையில் முழங்காலில் இருப்பது அவளுக்கு இலகுவாகத் தோன்றியது. மறுநாள் காலை ஒரு சீலைத் துண்டைக் கண்ணுக்கு மேலே இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டினாள். கழுவினாள். அறுபதுவரை எண்ணினாள். கட்டை அவிழ்க்காமலே தண்ணீருக்கு முதுகு காட்டித் திரும்பி, அப்படியே ஐந்து நிமிடம் நின்றாள்.  வாய்க்கால் தன் பாட்டில் ஓடியது. வீட்டுக்கு வந்தபோது சாரங்கா வாசலில் நின்று ஆட்காட்டி விரலை நேராகத் தூக்கிக் காட்டினாள். கொப்பியில் அந்தத் திகதிக்கு எதிரே, தண்ணீரின் நிறம் என்ற இடத்தில், ஜெகதீஸ்வரி முதன்முறையாக ஒரு கோடு கீறினாள்: பார்க்கவில்லை.

பிரதாபன் மதகடியில் வேலை தொடங்கினார். வீதிக்குக் குறுக்கே பதினெட்டு அடி நீளத்துக்கு ஒரு தாழ்ந்த சீமெந்துத் தொட்டி. ஒரு பக்கத்தால் வாய்க்கால் தண்ணீர் ஏறும், மறுபக்கத்தால் இறங்கும். ரசமட்டம் வைத்து நூல் பிடித்துக் கட்டினார். பக்கச் சுவரில் துளை போட்டு, தகட்டுக்கு உள்ளேயும் தண்ணீர் சீறும்படி வைத்தார். செருப்புக்கு நிரோஜன் தானே காலைத் தொங்கவிட வேண்டும். ஒன்பது நாளில் வேலை முடிந்தது. தண்ணீர் வெளியேறும் பக்கத்துக்கு மூடி போட்டதால், நிறத்தைப் பார்க்க விரும்பினாலும் ஒருவராலும் பார்க்க முடியாது. சீமெந்து இறுகிய பிறகு ஜெகதீஸ்வரி போய் அகலத்தை அளந்தாள். கால் அங்குலம்கூடப் பிசகவில்லை. அதை அவரிடம் சொன்னாள். அவர் வாயைப் பார்த்து விளங்கிக்கொண்டார்.

அடுத்த காலை அவளுக்கு மதகடியில் வேலை இல்லை. பழக்கத்தில் குசினியில் அகப்பையோடு அசையாமல் நின்றாள். மெட்டுக் கிட்ட வந்து, முற்றத்தில் இல்லாமல் போனது. பிரதாபன் கூப்பிட்டார். வெளியே வந்து பார்த்தபோது, அவருடைய கதிரைக்கு முன்னால், ஆணியின் நேர்கோட்டில் இன்னொரு கதிரை இருந்தது. அதற்கும் நான்கு கல் பதித்திருந்தார். கோடு இரண்டு விரற்கடை அகலம்தான். ஆனால் நீளத்துக்குக் குறைவில்லை. அவள் அகப்பையோடு வந்து இருந்தாள்.

"ஏதாவது கதையுமன்" என்றார்.

"என்னத்தைக் கதைக்கிறது?"

பதினாறு வருடம் கேத்திலுக்கு அப்பால் இருந்து வந்த குரல் அது. அவர் இப்போது அவளுடைய வாயைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டார்.

"அதையே இன்னொருக்காச் சொல்லும்."

அவள் சொன்னாள். பிறகு மிளகாய்க்கு வெண்பூச்சி பிடித்ததையும், ஆடு இந்த மாதம் ஈனும் என்பதையும், அழகம்மாவும் விமலேஸ்வரியும் பாண் பிரச்சினை தீர்ந்த பிறகும் ஒன்றாகத் தேத்தண்ணீர் குடிப்பதையும் சொன்னாள். ஆறு இருபத்தொன்றுக்கு மதகடியில் ஓட்டோ தண்ணீருக்குள் இறங்கி ஏறும் சத்தம் கேட்டது. எந்த வீதியால் வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. பாண் இரண்டு வீதியிலும் சூடாகத்தான் இருந்தது.